பார்த்தால் மனசு தாங்காது

மனசு தாங்காதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இவர்களை ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரக்கம் இவர்களிடம் அளவுக்கு மீறிக் கிடக்கிறது; அதனாலேயே அதை எடுத்து வெளியே காட்ட முடிவதில்லை. ரயில் ஸ்டேஷனுக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, "ஐயோ, அந்தக் குழந்தைங்க கை நீட்டறதப் பார்க்க முடியல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். சீக்காளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். ஏன்? தாங்காது. ஆனால் சீக்காளி எப்படி இருக்கிறார் என்று தினமும் உங்களைக் கேட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல உச்சுக்கொட்டுவார்கள். போய்வந்த உங்களைக் கொஞ்சம் கல்நெஞ்சக்காரன் மாதிரியும் பார்ப்பார்கள்.

மைசூர் லஷ்கர் மொகல்லாவில் என் அடுத்த வீட்டுக்காரர் லூர்துராஜ் இந்த இனத்தில் மிக உயர்ந்த ரகம். சர்க்கார் ஆபீசில் முதல் குமாஸ்தா. அவருடைய தங்கை சகாயமேரியை, கொள்ளேகாலுக்கும் அப்பால் மார்டள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தப் பக்கத்தில் இரண்டு வருஷமாக மழை இல்லை. கிணறு வற்றி, மாட்டை விற்று, ஜனங்கள் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள் என்று சேதி. லூர்துராஜ் இதை ஆபீசில் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். கேட்கிறவர்களுக்குக் காப்பி இறங்காது. அவருக்கு மட்டும் இறங்கும், பழகிவிட்டது.

தங்கை வீட்டுக்கு அவர் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் கடுதாசி வந்தது. சகாயமேரியின் மகள் செசிலிக்குக் கல்யாணம். 'தாய்மாமன் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகாமல் என் மகள் எப்படிப் போவாள்? அண்ணன் அவசியம் வரவும்.' யாரோ எழுதிக்கொடுத்திருந்த கடுதாசியின் அடியில் சகாயமேரி தன் கையாலேயே கோணலாக ஒரு சிலுவை போட்டிருந்தாள்.

போவதா, வேண்டாமா? இந்த ஒரு கேள்வி எங்கள் தெருவைப் பத்து நாள் ஆட்டிவைத்தது.

"நோடி நஞ்சுண்டசாமி" என்று கடுதாசியும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார். கன்னடத்தில் 'பாருங்கள்' என்று ஆரம்பித்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். "நான் போனா எனக்குன்னு தனியா அரிசிச் சோறு ஆக்குவாங்க. அதுக்கு எங்க போவாங்க? நான் போறதே அவங்க வயித்துல அடிக்கிற மாதிரி இல்லையா?"

"நீங்களே அரிசி கொண்டு போங்களேன்."

"அது அவமானப்படுத்தற மாதிரி ஆகாதா?"

மறுநாள், எந்த உடுப்பில் போவது என்று விசாரம். கோட்டு போட்டால் அவர்கள் எதிரே பகட்டு. பழைய சட்டை போட்டால் வேஷம். வழியில் கை நீட்டுகிறவனுக்குப் போட்டால் நூறு பேர் வருவார்கள். போடாவிட்டால் ஆண்டவர் கேட்பார். போகாமல் இருந்தால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. இப்படித் தருமசாஸ்திரம் மொத்தமும் சுற்றிச் சுற்றி அவரை வீட்டிலேயே உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில், "அது கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சர்க்கார். நம்ம மகாராஜா ராஜ்யமா இருந்தா வேற விஷயம்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

அவர் மனைவி டோரதியம்மாள் ஆஸ்பத்திரி நர்ஸ். நாள் முழுக்கப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். அவருக்கு மனசு தாங்குமா என்று யாரும் கேட்டதில்லை. செசிலிக்கென்று மைசூர்ப் பட்டு ஒன்று எடுத்துவைத்திருந்தார். அந்தப் பட்டைப் பார்த்ததும் லூர்துராஜ் துடித்துப்போனார். "பசிக்கிற ஊர்ல பட்டா? அவங்க மனசு என்ன பாடுபடும்!"

"கல்யாணப் பொண்ணுக்குப் பட்டுதான் கொடுப்பாங்க. பசிச்சாலும் அவ கல்யாணப் பொண்ணுதானே?" என்றார் டோரதியம்மாள். "எனக்கு லீவு இல்ல. இருந்திருந்தா நான் இப்ப பஸ்ல இருந்திருப்பேன். நீங்க போகலேன்னா, வார்டை விட்டுட்டு நான் போறேன்."

இதற்குமேல் எந்தச் சாஸ்திரம் பேசும்? லூர்துராஜ் கிளம்பினார். துணைக்கு நான். சேலை அவர் பெட்டியில் ஏறாது என்று தெரிந்து, டோரதியம்மாள் அதை என் பையில் திணித்துவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் சயாஜிராவ் ரோட்டுக்குப் போய் லூர்துராஜ் ஒரு சாமான் வாங்கிவந்தார். நல்ல கறுப்புக் கண்ணாடி. பக்கவாட்டிலும் தோல் வைத்து மறைத்தது.

"வெயிலுக்கா?" என்றேன்.

"இல்ல. பார்க்காம இருக்க. உள்ளுக்குள்ள கண்ணை மூடிக்கிட்டா யாருக்கும் தெரியாது. அவங்களும் வருத்தப்பட மாட்டாங்க."

கொள்ளேகால் பஸ் நிறுத்தத்தில் எலும்பும் தோலுமாக ஒரு குடும்பம் மூட்டையோடு உட்கார்ந்திருந்தது. கண்ணாடி மூக்கில் ஏறிற்று. அதற்குப்பிறகு அது இறங்கவே இல்லை. ஹனூரில் தங்கி, மறுநாள் மாட்டுவண்டி பிடித்து, நண்பகலில் மார்டள்ளி போய்ச் சேர்ந்தோம். வண்டியை விட்டு இறங்கும்போது லூர்துராஜ் ஒரு காலை நீட்டித் தரையைத் தேடித் துழாவினார். விழுந்துவைக்கப் போகிறாரே என்று நான் கையைப் பிடித்தேன்.

ஓடிவந்த சகாயமேரி பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"அண்ணா... உங்க கண்ணுக்கு என்னாச்சுங்க?"

லூர்துராஜ் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அதனாலதான் ஒம்போது வருசமா வரலீங்களா? நான் பாவி! அண்ணன் பெரிய உத்தியோகம் ஆயிட்டாரு, எங்களைப் பாக்கப் பிடிக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லி அழுதேனே! கண்ணு போனதை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்களே!"

ஒரு நிமிஷம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்ற ஒரு நிமிஷம் தாராளமாகப் போதும். ஒன்பது வருஷக் குற்றத்துக்கு இவ்வளவு அருமையான சமாதானம் தேடாமல் கையில் வந்து விழுகிறபோது, விடுகிறதற்கு அவர் என்ன பைத்தியமா?

"ஆமாம்மா" என்றார் லூர்துராஜ். "உனக்குத் தெரிஞ்சா மனசு தாங்காதேன்னுதான்..."

மைசூரிலிருந்து கண் தெரியாத அண்ணன் வந்திருக்கிறார் என்ற சேதி அரைமணியில் ஊர் முழுக்கப் பரவிற்று. கிழங்கு தின்கிற ஊர் எழுந்து வந்தது. ஒருத்தி கண்ணுக்கு நல்லதென்று முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். ஒரு கிழவர் ஆட்டுப்பால் கொண்டுவந்தார். மடியில் சோனிக் குழந்தையோடு இருந்த ஒருத்தி, வீட்டில் மிச்சமிருந்த ஒற்றைக் கோழியின் நாலு முட்டையையும் கொடுத்து, "பாவம், இத்தனை படிச்சும் ஆண்டவர் கண்ணை எடுத்துட்டாரே" என்று உச்சுக்கொட்டினாள். உச்சுக்கொட்டுவதில் மைசூரிலேயே கெட்டிக்காரரான லூர்துராஜ் இப்போது அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று முட்டை சாப்பிட்டார். துணைக்கு வந்தவனென்று எனக்கும் ஒன்று கிடைத்தது. அவரைமட்டும் குறை சொல்வானேன்? நானும் சாப்பிட்டேன்.

கல்யாணத்தன்று செசிலி டோரதியம்மாளின் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். கிழங்கு தோண்டிக் காய்த்துப்போன கை. அந்தக் கையால் பட்டைத் தொட்டால் நூல் மாட்டிக்கொள்ளுமே என்று முழங்கையால் ஒதுக்கி ஒதுக்கி நடந்தாள். தாய்மாமன் மணப்பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போவது வழக்கம். இங்கே மணப்பெண் தாய்மாமனை அழைத்துப் போனாள். "பள்ளமுங்க மாமா... இப்படி வாங்க... கோயில் வந்திருச்சு, படி இருக்குதுங்க, மூணு படி." வழியில் நின்ற பெண்கள் மணப்பெண்ணை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பூசையில் பங்குச் சாமியார் எழுந்து, "மழைக்காக மன்றாடுவதற்கு முன்னால், நம்ம ஊருக்கு வந்திருக்கிற இந்தச் சகோதரருடைய பார்வைக்காக மன்றாடுவோம்" என்றார். கோயில் முழுக்க முழந்தாளிட்டது. இரண்டு வருஷமாக முதல் இடத்தில் இருந்த மழைக்கு அன்று இரண்டாம் இடம். என் பக்கத்தில் இருந்த லூர்துராஜின் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் இறங்கிற்று. அது எதற்காக இறங்கிற்று என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கண்ணாடியை மட்டும் அவர் கழற்றவில்லை.

புறப்படும்போது செசிலி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வழிக்கென்று ஒரு கேழ்வரகுக் களி மூட்டையைக் கொடுத்தாள்.

"மாமாவுக்குக் கண்ணு தெரியுமுங்க" என்றாள் மெதுவாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தார் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

"கோயில்ல மூணு படின்னு சொன்னேனுங்க. ரெண்டுதான் இருக்குது. அவரு தடுமாறாம ரெண்டுதான் ஏறினாரு." வண்டியருகே அண்ணன் கையைப் பிடித்தபடி நின்ற தாயைப் பார்த்தாள். "அம்மாகிட்டச் சொல்லிராதீங்க. தங்கச்சியை மறந்துட்டாருங்கறதைவிட, அண்ணனுக்குக் கண்ணு இல்லைங்கறது அம்மாவுக்கு ஆறுதலா இருக்குது."

பஸ் காவேரிப் பாலம் தாண்டுகிறவரை லூர்துராஜ் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அப்புறம், "அந்தப் பொண்ணு கை..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஏதாவது சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். பஸ் மைசூர் எல்லைக்குள் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார்.

மறுநாள் ஆபீசில் இருபது பேர் சூழ நின்று கேட்டார்கள். "இந்தக் கண்ணால பார்த்தேன் ஸ்வாமி!" என்று இரண்டு விரலால் கண்ணைத் தொட்டுக் காட்டி, முட்டையையும் சோனிக் குழந்தையையும் அவர் வர்ணித்த வர்ணனையில் ஒரு பாவமும் அறியாத ஆபீஸ் பியூன்கூட அழுதுவிட்டான். யாருடைய முட்டை, யார் சாப்பிட்டது என்பது மட்டும் வர்ணனையில் வரவில்லை.

"கல்யாணம் எப்படி நடந்தது?" என்று டோரதியம்மாள் என்னைக் கேட்டார்.

"பட்டு நல்லா இருந்தது" என்றேன். வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் முகம் எப்படி ஆகும்! அதைப் பார்க்க எனக்கு... சரி, விடுங்கள். என்னைப் பற்றி எழுத உட்காரவில்லை.

உங்களைப் பற்றித்தான். இவ்வளவு நேரம் லூர்துராஜைப் பார்த்துச் சிரித்தீர்கள். நடுவில் ஓரிடத்தில் கண்கூடக் கலங்கியிருக்கலாம். நல்லது, உடம்புக்குச் சுகம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அலமாரியில் துணிக்கு அடியில், போவதா வேண்டாமா என்று முடிவாகாமல் நாலு மாதமாகக் கிடக்கிறதே, அது யார் போட்ட கடுதாசி?