உறவுமுறை: மச்சான்

அந்த ஊரில் பொருளைப் பரிசாகக் கொடுப்பது அநாகரிகம் என்று ஆகிவிட்டிருந்தது. கடிகாரம் கொடுத்தவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். குக்கர் கொடுத்தவரை அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடவே இல்லை. கொடுப்பதென்றால் அனுபவத்தைத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே, ஒரு பல் மருத்துவரிடம் பல்செட் செய்யும் வேலையிலிருந்த தங்கை, தன் அண்ணனுக்கும் அவன் நண்பனுக்கும் ஓர் அனுபவத்தைக் கொடுப்பதென்று முடிவு செய்தாள்.

அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நண்பன் வெல்டர். ஏரிக்கரைக்குச் சைக்கிளிலேயே போய், அங்கிருக்கும் அரசு மாளிகையில் ஓர் இரவு தங்கித் திரும்ப வேண்டும் என்று இருவரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மழை, ஒரு சனிக்கிழமை பஞ்சர், மற்றச் சனிக்கிழமைகளில் எல்லாம் சோம்பல். இப்போது வெல்டருக்குக் கடல் தாண்டி, கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் புதன்கிழமை புறப்பாடு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

சைக்கிள்கள் இருந்தன. இருந்தாலும் நாலு பேரைப் போலச் செய்ய வேண்டுமே என்று தங்கை சைக்கிள் கடைக்குப் போனாள்.

“என்ன உடுத்திக்கிட்டுப் போறாங்க?” என்றார் கடைக்காரர்.

“பேண்ட், சட்டைதான்.”

கடைக்காரர் மூக்கின்மேல் விரலை வைத்தார். “பேண்ட்டா? காத்து தடுக்கும்மா. உடம்போட ஒட்டின உடுப்பு வேணும். காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும்.”

“எங்க அண்ணன் உட்கார்ந்தா உடுப்புதான் கிழியும்.”

“கிழியட்டும்மா. ஆனா ஸ்டைலா கிழியும்.”

வாழைத்தண்டு நிறத்தில் இரண்டு உடுப்புகளும், காளானைக் கவிழ்த்ததுபோல இரண்டு தொப்பிகளும் வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் அவள் ஏரிக்கரை மாளிகை அனுமதி அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இரண்டு மேசைகள். வாசலை ஒட்டி எழுத்தர். அவருக்கு நான்கடி உள்ளே கண்காணிப்பாளர். இருவரும் இருபது வருடங்களாக ஒரே டப்பாவில் சாப்பிடுபவர்கள். ஒருவர் கொட்டாவி விட்டால் மற்றவர் வாயை மூடுவார் என்று ஊரில் பேச்சு.

எழுத்தர் படிவத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார்.

“தங்குவோர் ஒருவருக்கொருவர் உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதை ஏன் காலியா விட்டிருக்கீங்க?”

“அவங்க நண்பர்கள், சார்.”

“நண்பர்ங்கறது உறவு இல்லம்மா. அது பழக்கம். பழக்கம் எல்லாம் சுகாதாரத் துறையில வரும்.”

“அப்ப என்ன சார் போடறது?”

“பின்பக்கம் பட்டியல் இருக்கு. தாய்மாமன், பெரியப்பா, பங்காளி, சம்பந்தி... முப்பத்தெட்டு உறவு கொடுத்திருக்கோம். அரசாங்கம் இதுக்கு மேல என்னம்மா செய்யும்?” அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. “சரி, அவங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிட்டுக்குவாங்க?”

“மச்சான்னு.”

எழுத்தரின் முகம் மலர்ந்தது. “இதை முதல்லயே சொல்லக் கூடாதா? வரிசை எண் பதினாலு!”

தங்கை கட்டத்தில் ‘மச்சான்’ என்று தெளிவாக எழுதினாள். வாழ்க்கையில் அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

புதன்கிழமை கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார்.

“மேற்படி இருவரும் மச்சான் முறை என்று மனுதாரர் தெரிவித்திருக்கிறார்,” என்று கோப்பைப் பார்த்து வாசித்தவர், தலையை நிமிர்த்தி வீட்டுக் குரலில் கேட்டார்: “யாரோட தங்கச்சியை யாரும்மா கட்டிக்கிட்டது?”

“யாரும் யாரையும் கட்டலை சார். சும்மா கூப்பிடறதுதான்.”

“சும்மா கூப்பிடறதுக்குக் கட்டம் கிடையாது. மச்சான்னா நடுவுல ஒரு பொண்ணு இருந்தாகணும். வெல்டருக்குத் தங்கச்சி இருக்கா?”

“இல்லை.”

“மெக்கானிக்குக்கு?”

“நான்தான்.”

“அப்ப வெல்டர் உங்க வீட்டுக்காரர்.” கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார்.

“ஐயோ சார், எனக்குக் கல்யாணமே ஆகலை! நான் அவரை வெல்டர் அண்ணான்னுதான் கூப்பிடறேன்.”

“கல்யாணம் ஆகாதது உங்க சொந்த விஷயம்மா. அதுல அலுவலகம் தலையிடாது. வீட்டுல என்ன வேணும்னாலும் கூப்பிட்டுக்குங்க. இங்க கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா பொய்த் தகவல்னு ஆகும். மூணு பேரும் மூணு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.”

மூன்று வருடம். வெல்டருக்கு மிச்சம் இருந்ததோ ஏழு நாள். தங்கை கையெழுத்துப் போட்டாள். அந்தக் கணத்தில் அரசாங்கப் பதிவேட்டில் அவள் கழுத்தில் தாலி ஏறியது.

வியாழக்கிழமை மாலை செய்தி கேட்ட வெல்டர் குடித்த தண்ணீரைச் சட்டையில் துப்பினான்.

“மச்சான், என்னடா இது?”

“நீ மச்சான்னு கூப்பிடாதடா! அதனாலதான் எல்லாம்,” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு யோசித்து, “போகட்டும். சனிக்கிழமை ஏரி கிடைக்குதுல்ல?” என்றான்.

வெள்ளிக்கிழமை ஆணை வந்தது. மாளிகையில் இருந்தது இரண்டு கட்டில் போட்ட ஒரே அறை. விதிப்படி தம்பதியருக்கு முன்னுரிமை. எனவே அறை வெல்டருக்கும் அவர் மனைவிக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. மனைவியின் சகோதரர் காத்திருப்போர் பட்டியலில் முதலிடம். இரண்டு சைக்கிள்களுக்கும், எண் குறிப்பிட்டு, முழு அனுமதி.

தங்கை ஆணையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே அண்ணனும் வெல்டரும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். உடுப்பு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கிளம்பிவிட்டதால், இரண்டு வாழைத்தண்டுகளாக வந்து நின்றார்கள்.

“எனக்கு இடம் வேண்டாம் சார். என் இடத்தை அண்ணனுக்குக் கொடுத்துடுங்க.”

எழுத்தர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் எழுத்தரைப் பார்த்தார்.

“வீட்டுக்காரரோட தங்க விருப்பம் இல்லைங்கறீங்க,” என்றார் கண்காணிப்பாளர் மெதுவாக.

“சார், இந்தப் பொண்ணு என்னை அண்ணான்னு கூப்பிடுது சார்!” என்று வெல்டர் கத்தினான்.

“மனத்தாங்கல் அந்த அளவுக்கு முத்திப்போச்சா?” என்று எழுத்தர் உச்சுக்கொட்டினார்.

கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மாளிகை ஒதுக்கப்பட்ட பின் தம்பதியருக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டால், அதற்கு மாளிகை காரணமா என்பதை இரு அலுவலர்கள் ஓர் இரவு தங்கி ஆராய வேண்டும். அதுவரை ஒதுக்கீடு நிறுத்தி வைக்கப்படும்.

“எந்த ரெண்டு அலுவலர்?” என்றான் அண்ணன்.

அலுவலகத்தில் இருந்ததே இரண்டு பேர். அவர்கள் இருபது வருடங்களாக அனுமதி கொடுத்த ஏரியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கடமையின் சுமையில் இருவர் முகமும் பளபளத்தது.

“சரி சார், நாங்க வீட்டுக்குப் போறோம்,” என்று வெல்டர் சைக்கிளைத் தொட்டான்.

“அதை விடுங்க. அனுமதி பெற்ற சைக்கிள் ரெண்டும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாளிகை வாசல்ல இருந்தாகணும். ஆணை அப்படி. ஆட்கள் விஷயம்தான் பரிசீலனையில இருக்கு.” கண்காணிப்பாளர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். “அந்த உடுப்பு என்ன அளவு?”

சனிக்கிழமை மாலை, பஜாரே வாயைப் பிளந்து பார்த்திருக்க, இரண்டு நண்பர்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். மற்ற இரண்டு நண்பர்கள் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிகளை ஒவ்வொன்றாகப் பேசிச் சிரித்தார்கள். தங்கைதான் மாடிப்படியில் உட்கார்ந்து, தன் பரிசு பாழாய்ப்போனதே என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சைக்கிள்களைத் திரும்ப வாங்க மூவரும் போனபோது, நான்கடி தூரத்தில் இருந்த மேசைகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். “மாளிகை நல்ல நிலையில் உள்ளது. மனத்தாங்கலுக்கு அது காரணமல்ல. எனவே கணவரே காரணம். விசாரணை முடியும்வரை கணவர் ஊரை விட்டு வெளியேறலாகாது. நகல்: துறைமுகம்.”

“சார், புதன்கிழமை நான் போயாகணும்! வேலை போயிடும்!”

“கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டா விசாரணை முடிஞ்சுது. கோப்பு இதோ என் மேசையில இருக்கு.”

“அப்ப அவர்கிட்ட கொடுங்க. கைக்கெட்டற தூரம்தானே?”

எழுத்தர் சுவரைப் பார்த்தார். “நான் அந்த ஆளோட பேசறதில்லை. இறக்கத்துல என் சைக்கிள் தானா உருண்டு முன்னால போச்சு. பதவி வரிசையை மீறினேன்னு நடுரோட்டுலயே மெமோ கொடுத்தாரு.”

“ராத்திரி பூரா குறட்டை விட்டதை அவர் சொல்ல மாட்டார்,” என்றது எதிர்ச்சுவரிலிருந்து ஒரு குரல். “இருபது வருஷமா என்னோட சாப்பிட்டது இந்த ஆளுதானான்னு விடியற வரைக்கும் யோசிச்சேன்.”

தங்கை கோப்பைத் தானே எடுத்துக் கொடுக்கப் போனாள். பொதுமக்கள் கோப்பைத் தொடக் கூடாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதன் பிறகு அவர்கள் ஒன்றாக எதுவும் சொன்னதாகத் தகவல் இல்லை.

புதன்கிழமை போயிற்று. அடுத்த மாதத்துப் புதன்கிழமையும் போயிற்று. கப்பல் வேலை வேறு யாருக்கோ போய்விட, வெல்டர் உள்ளூரிலேயே இரும்புக் கேட் செய்கிறான். தினமும் மாலையில் அண்ணனும் அவனும் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து, கோப்பு நகர்ந்ததா என்று விசாரித்துவிட்டு, தோள்மேல் கை போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள்.

மனசு கேட்காமல் தங்கை ஒருநாள் அவர்களிடம் சொன்னாள்: “எல்லாம் என்னாலதான். எப்படியாவது கால்ல கையில விழுந்து, உங்க ரெண்டு பேருக்கும் அந்த ஏரிக்கரைக்கு அனுமதி வாங்கித் தந்துடறேன்.”

இருவரும் பதறிப்போய் எழுந்துவிட்டார்கள்.

“ஏம்மா,” என்றான் வெல்டர், “நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கறது உனக்குப் பிடிக்கலையா?”