பக்கத்திலேயே இருக்கிற ஊர்

மனிதர்களில் தூரச்சுருக்கி என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும், அது பக்கத்தில்தான் இருக்கிறது என்று உங்களுக்கு நிரூபித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். போய்ப் பார்த்துவிட்டா சொல்கிறார்கள் என்றால், அதுதான் இல்லை.

கனடாவின் வடகோடியில், எங்கள் இக்லூலிக்கில் இந்த இனத்துக்குத் தலைவர் சகியாசி. விமானம் வரவேண்டிய நாளில் தேநீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்து, பனிப்புயலில் மாட்டி மூட்டைகளின்மேல் தூங்கி வழிகிற பயணிகளை ஒவ்வொருவராக எழுப்பி, "சனிராஜாக்குக்கா? அதெல்லாம் ஒரு தூரமா? நேர்கோட்டுல எழுபது கிலோமீட்டர். பெல்ட்டை மாட்டுறதுக்குள்ள இறக்கி விட்டுருவான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சுகமாகப் படுத்துக்கொள்வார். அந்தச் சனிராஜாக்கில்தான் அவருடைய சொந்தத் தங்கை உலாயு இருக்கிறாள். அவளைப் போய்ப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பக்கத்திலேயே இருக்கிறவளைப் பார்க்க என்ன அவசரம்?

போன வசந்தத்தில் உலாயு போனில் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். அண்ணன் தங்கையின் இறந்துபோன அப்பாவுடைய பெயரை வைக்கிறார்கள். பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியவர் சகியாசி.

"பனிவண்டியில இப்பவே கிளம்பிடுண்ணே. சனிக்கிழமை பிளேனை நம்பாத."

"கூப்பிடு தூரம். இதுக்குப் போய் நாள் முழுக்கக் குலுங்கணுமா?"

பக்கத்து வீட்டு அபியா, தன் பனிவண்டியில் இடம் இருக்கிறது என்று வந்து கூப்பிட்டான். அவனுக்கும் நேர்கோட்டுப் பாடம் நடந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் தன்பாட்டுக்குக் கிளம்பிப் போனான்.

சனிக்கிழமை சகியாசி விமானம் ஏறினார். மாற்றுத்துணி கிடையாது. கொறிக்க ஒரு துண்டு காய்ந்த மீன்கூடக் கிடையாது. சனிராஜாக்கை மூடுபனி மூடியிருந்தது. விமானம் வட்டமடித்துப் பார்த்தது; தங்கை வீடு இருக்க வேண்டிய இடத்தில் பால் கொட்டினாற்போல் வெள்ளை. இறங்க வழியில்லாமல் தெற்கே பறந்து, எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, இகாலுயிட்டில் கொண்டுபோய் இறக்கியது.

"எங்கண்ணே இருக்க?" என்றாள் உலாயு போனில்.

"உன் தலைக்கு மேல வரைக்கும் வந்தேன்."

"இப்ப எங்க இருக்க?"

"இகாலுயிட்ல."

"மான்கறி எல்லாம் வெட்டி வச்சாச்சு. ஊரே வருது. பிள்ளையை யார் கையில குடுக்கட்டும், சொல்லு" என்றாள்.

"அபியா வந்துட்டானா?" என்றார் சகியாசி.

"நேத்தே வந்து, டீ குடிச்சிட்டுத் தூங்கி எழுந்தாச்சு."

"அவனே ஏந்தட்டும்" என்றார்.

ஏந்தினான். போட்டோவில் நன்றாகவே சிரித்திருந்தான்.

வானம் தெளிந்து ஊருக்குத் திரும்பும் விமானம், வழியில் சனிராஜாக்கில் சற்று நின்றது. உலாயு பிள்ளையோடு விமான நிலையத்துக்கே வந்திருந்தாள். சகியாசி அவனை வாங்கி, அப்பாவின் பெயர் தாங்கியவனை அழைக்க வேண்டிய முறையில், "அப்பா" என்று கூப்பிட்டார். பிள்ளை வீறிட்டு அழுதது.

"முகம் புதுசுல்ல" என்றாள் உலாயு.

விமானத்துக்கு அழைத்தார்கள். சகியாசி ஏறவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அந்த வீட்டு வாசற்கதவு இப்போது என்ன நிறம்?