புத்தி தெளிவாக இருக்கும்போதே வரவும்

அமெரிக்காவில் எங்கள் மாநில அரசுக்குக் கருணை அதிகம். 'எனக்கு இனிமேல் கைத்துப்பாக்கி விற்காதீர்கள்' என்று ஒருவன் தானாக எழுதிக் கொடுத்தால், எந்தக் கடைக்காரனும் அவனுக்கு விற்கக் கூடாதென்று சட்டமே போட்டிருக்கிறது. வாங்குவதற்குக் கடைக்குப் போனால் போதும். வாங்காமல் இருக்கத்தான் மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

லைல் டிரம்போ போனான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு இது முதல் குளிர்காலம். பனி கோதுமை வயலை மூடிய பிறகு தன் மனசு எந்தப் பக்கம் போகுமோ, தன் உயிருக்கே குறிவைக்குமோ என்று பயந்தான். நியாயமான பயம்தான், பாவம்.

எழுத்தர் வெர்னா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப உங்க புத்தி தெளிவா இருக்கா?"

"இருக்குங்க."

"அப்புறம் இது எதுக்கு?"

"தெளிவில்லாம போற நாளுக்கு."

"அன்னிக்கு வாங்களேன்."

"அன்னிக்குப் போட்ட கையெழுத்து செல்லுமா?"

"செல்லாது" என்றாள் வெர்னா, உண்மையான வருத்தத்தோடு. "சரி, நோட்டரி முத்திரை வாங்கிட்டு வாங்க."

எங்கள் ஊருக்கு ஒரே நோட்டரி, துப்பாக்கிக் கடை பூன் ஹாஸ்கெட். தூண்டில் புழு, மீன்பிடி உரிமம், முத்திரை எல்லாம் அவனிடம்தான்.

"முத்திரைக்குப் பத்து டாலர். துப்பாக்கி வாங்கினா இலவசம்" என்றான் பூன்.

"டேய், என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிச்சேன்டா. பழக்கதோஷம், வாய் தானா சொல்லுது."

முத்திரை குத்தினான். காசு வாங்கவில்லை. தாளையும் உடனே திருப்பித் தரவில்லை.

"லைல், எனக்கும் இதுல ஒண்ணு வாங்கிட்டு வர்றியா?"

"உன் பேரைக் கொடுத்துட்டா கடைக்குச் சரக்கு எப்படிடா வாங்குவ?"

"முதல்ல இந்தக் குளிர் போகட்டும்."

லைல் கொக்கியிலிருந்து பூனின் கோட்டை எடுத்து நீட்டினான். "நேர்லதான் வரணுமாம். அதுவும் ஆபீஸ் நேரத்துல. கோட்டை மாட்டு" என்றான்.

பட்டப்பகலில் பூன் கடையைப் பூட்டினான். இருவரும் ஒன்றாக வரிசையில் நின்றார்கள். பூனின் தாளுக்கு அவனுடைய முத்திரையே போதுமென்று வெர்னா இரண்டு பேரையும் பதிந்துகொண்டாள்.

தள்ளுபடி விற்பனைக்கு வந்த நாங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் பனியில் நின்றோம். வேலை நாளில் துப்பாக்கிக் கடையை மூடினால் ஊர் என்ன ஆவது? அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தோம். அன்றைக்கே நடவடிக்கை என்றாள் வெர்னா. முத்திரை வேண்டாம், நேரில் வர வேண்டாம். எங்கள் புத்தி தெளிவாக இருக்கிறதா என்றும் அவள் கேட்கவில்லை.