பிசிறே இல்லாத பேஸ் கிட்டார்

ஆயுத பூஜைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, பேஸ் கிட்டார் வாங்கப் போனேன். வேலை அவ்வளவுதான். போனோமா, வாங்கினோமா, வந்தோமான்னு முடிஞ்சிருக்க வேண்டிய சமாச்சாரம்.

என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். நான் ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைன்ல இருந்து வர்ற பீஸை எடுத்து, ஓரத்தை விரலால தடவிப் பார்த்து, பிசிறு இருந்தா சிவப்புப் பொட்டியில தூக்கிப் போடறதுதான் என் பொழப்பு. அது போக, காலேஜ் நாள்ல இருந்து கிட்டார் வாசிக்கிறவன். இதை நான் யார்கிட்டயும் அடக்கமா சொன்னதே இல்ல.

எங்க பிளான்ட்ல ஒரு பேண்ட் உண்டு. வருஷத்துல ஒரே ஒரு நாள், ஆயுத பூஜை அன்னிக்கு சாயந்திரம், டிஸ்பாட்ச் ஷெட்ல மேடை போட்டு வாசிப்போம். எல்லாரும் பொண்டாட்டி புள்ளைங்களோட வருவாங்க. பாடறது வெல்டிங் லைன் தயாளன். கீபோர்டும் தாளமும் ஸ்டோர்ஸ் மணி. பேஸ் வாசிச்சுக்கிட்டிருந்த பையன் வேற கம்பெனிக்குப் போயிட்டான்.

இந்த நேரம் பார்த்து எச்.ஆர். மேனேஜர் தயாளனைக் கூப்பிட்டு சொல்லிட்டாரு. "போன வருஷம் நீங்க பாதி பாட்டுல இருக்கறப்பவே ஜனம் எழுந்து சாப்பாட்டு கியூவுக்குப் போயிடுச்சு. இந்த வருஷமும் அப்படின்னா, அடுத்த வருஷத்துல இருந்து மெட்ராஸ் டிஜேதான்."

தயாளன் கேன்டீன்ல டீயைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டான்.

"வருஷம் பூரா மூஞ்சில மாஸ்க் மாட்டிக்கினு கீறேண்ணா. என் பொண்ணு என்னை மேடையில பாக்கறது அந்த ஒரு நாள்தான். அதையும் புடுங்கிடுவாங்க போல."

எனக்கும் மனசு கஷ்டமாப் போச்சு. "நான் கிட்டார்ல அசத்திடறேண்டா, விடு"ன்னேன்.

"கிட்டார் இல்லைன்னா யாருக்கும் தெரியாதுண்ணா. பேஸ் இல்லைன்னாதான் எவனுக்கும் காலு ஆடாது."

இத்தனை வருஷ கிட்டார் வாழ்க்கைக்கு ஒரே வரியில டெஸ்ட் ரிப்போர்ட் குடுத்துட்டான். ரோஷம் வந்துடுச்சு. "அப்ப நானே பேஸ் வாசிக்கிறேன். ஆறு கம்பி வாசிக்கிறவனுக்கு நாலு கம்பி ஜுஜுபி"ன்னு சொல்லிட்டேன்.

வூட்டுக்கு வந்து ரேவதிகிட்ட சொன்னேன். ரேவதி என் சம்சாரம். என்னை எந்த விஷயத்துலயும் ஓகேன்னு பாஸ் பண்ணாத ஒரே இன்ஸ்பெக்டர்.

"கத்துக்க வேணாமா?"ன்னா.

"இதுல கத்துக்க இன்னா இருக்கு? அது கிட்டாரோட தம்பி."

"உங்க சொந்தத் தம்பியோடயே உங்களுக்கு ஒத்துப் போக மாட்டேங்குது."

நான் காதுல வாங்கிக்கல. சிங்கப்பெருமாள் கோவில்ல ரயில் ஏறி, தாம்பரம் பக்கம் ஒரு கடைக்குப் போயிட்டேன்.

கடைக்காரர் ரொம்பப் பொறுமையான மனுஷன். "புதுசா கத்துக்கறீங்களா சார்?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டாரு. எனக்கு சுருக்குனு குத்திடுச்சு.

"காலேஜ்ல இருந்து வாசிக்கிறேன்."

"பேஸா?"

"கிட்டார்."

"ஓ"ன்னு சொல்லி ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. நான் என் கெத்தைக் காட்டணும்னு மேலயும் கீழயும் விரலை ஓட்டி வேகமா ஒரு பிட்டு வாசிச்சேன். கட்டில் அடியில எலி ஓடற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு.

"சார், இதுல கொஞ்சம் நிதானமா வாசிக்கணும்."

"வாசிக்கறது அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல செக் பண்ணணும்"னு சொல்லி, கழுத்தோட ஓரத்தை விரலால தடவ ஆரம்பிச்சேன். பழக்க தோஷம்.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். கிட்டார் கழுத்துல குறுக்கால வரிசையா கம்பி பதிச்சிருக்கும். அதுக்குப் பேரு ஃப்ரெட். அது இருக்கறதாலதான் விரலை முன்னப் பின்ன வெச்சாலும் சுருதி சரியா வரும். அந்தக் கம்பியோட முனை சில சமயம் ஓரத்துல லேசா துருத்திக்கிட்டு நிக்கும். எங்க பாஷையில அது பிசிறு.

முதல் பீஸ்ல பிசிறு. ரிஜெக்ட்.

ரெண்டாவதுலயும் பிசிறு. ரிஜெக்ட்.

கடைக்காரர் எடுத்துக் குடுக்கக் குடுக்க, நான் கண்ணை மூடிக்கிட்டுத் தடவித் தடவி ஒதுக்கிக்கிட்டே இருக்கேன். பின்னாடி புல்லாங்குழல் வாங்க வந்த ஒரு அம்மா, "அவருக்குக் கண்ணு தெரியாதா?"ன்னு மெதுவா கேக்கறாங்க. கடைக்காரர் அடுத்த பீஸை எடுக்கப் போயிட்டாரு.

அப்பதான் மூலையில ஒண்ணு மாட்டியிருந்ததைப் பார்த்தேன். வாங்கி, மறுபடி கண்ணை மூடிக்கிட்டுத் தடவினேன். இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் விரல் வழுக்கிக்கிட்டுப் போகுது. ஒரு பிசிறு இல்ல.

"இதுதான்"னேன்.

"சார், அதுல ஃப்ரெட்டே கிடையாது."

கண்ணைத் தொறந்து பார்த்தேன். வெறும் மரக்கட்டை. கோடு கூட இல்ல. நியாயமாப் பார்த்தா அந்த எடத்துல சிரிச்சுட்டுத் திருப்பிக் குடுத்திருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதான் பாத்தேன், ஃபினிஷிங் நல்லாருக்கேன்னு."

அவரும் நல்லவிதமாத்தான் சொன்னாரு. "முதல் பேஸுக்கு இது வேணாம் சார். ஒரு நூலு தள்ளி அமுக்கினாலும் சுருதி போயிடும். நல்லா வாசிக்கிறவங்களே இதைத் தொட பயப்படுவாங்க."

நல்லா வாசிக்கிறவங்களே பயப்படுவாங்கன்னு ஒரு மனுஷன் சொன்னதுக்கப்புறம், வேற ஒண்ணை வாங்கிட்டு எப்படிங்க வெளிய வர்றது?

"பேக் பண்ணுங்க"ன்னுட்டேன்.

திரும்பி வர்றப்ப சிங்கப்பெருமாள் கோவில்ல ஷேர் ஆட்டோ. பேஸ் கழுத்து ஆட்டோவுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார் இது, லாரி லோடு மாதிரி செவப்புத் துணி கட்டணும் போல கீதே"ன்னாரு.

பக்கத்துல உக்காந்திருந்த அம்மா கேட்டாங்க. "வீணையா தம்பி?"

"பேஸ் கிட்டார்மா."

"அப்டின்னா?"

"கிட்டார் மாதிரிதான். ஆனா தனியா கேக்காது."

"கேக்காததை எதுக்குப்பா வாங்கினே?"

ஒரகடம் வர்ற வரைக்கும் யோசிச்சேன். 

மணிகிட்ட வாங்கின சின்ன ஸ்பீக்கர்ல மாட்டி வூட்டுல வாசிச்சுப் பார்த்தேன். ஒரு சுரம் கூட நின்ன எடத்துல நிக்கல. எங்க அமுக்கினாலும் ஒண்ணு மேல போகுது, இல்லைன்னா கீழ போகுது. கொஞ்ச நேரத்துல வூட்டு ஓனர் மேல இருந்து எறங்கி வந்து, "மோட்டார்ல பேரிங் போயிடுச்சு போல, சத்தம் வருது, ஆஃப் பண்ணிடுப்பா"ன்னாரு. ரேவதி உள்ள போய் சிரிச்சா. சமையல் ரூம் வரைக்கும் அடக்கிக்கிட்டுப் போனா, அந்த மரியாதையாவது குடுத்தா.

கடைக்குப் போய் மாத்திட்டு வரலாம். ஆனா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?

அப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சது. எங்க லைன்ல போல்ட்டை டைட் பண்ணி முடிச்சதும் அது மேல மஞ்சள் பெயிண்ட் மார்க்கர்ல ஒரு புள்ளி வெப்போம். புள்ளி இருந்தா ஓகே. மார்க்கர் எப்பவும் என் பாக்கெட்லயே இருக்கும். போன்ல சுருதி பாக்கற ஆப்பைப் போட்டு, சரியான எடம் எதெதுன்னு கண்டுபுடிச்சு, கழுத்தோட மேல் ஓரத்துல மஞ்சப் புள்ளியா வெச்சேன்.

அதுக்கப்பறம் சும்மா சொல்லக் கூடாது, புள்ளியைப் பார்த்து விரலை வெச்சா டாண்ணு நிக்குது. ரிகர்சல்ல தயாளன் பாடிக்கிட்டே ஆட ஆரம்பிச்சுட்டான். "ஃப்ரெட் இல்லாமலே வாசிக்கிறாருடா அண்ணன்"னு மணிகிட்ட பெருமையா சொன்னான். நானும் புள்ளியைக் கையால மறைச்சுக்கிட்டு, "எல்லாம் பழக்கம்தான்"னேன்.

ஆயுத பூஜை வந்துச்சு. காலையில இருந்து பிளான்ட்டைக் கழுவறாங்க, துடைக்கறாங்க, வாழைமரம் கட்டறாங்க. நான் பேஸை குவாலிட்டி ரூம்ல வெச்சுட்டு ரேவதியைக் கூட்டிக்கிட்டு வரப் போனேன். திரும்பி வந்தா பேஸைக் காணோம்.

பதறிக்கிட்டுத் தேடினா, சாமி படத்துக்கு முன்னாடி ஸ்பேனர், டிரில்லுங்க நடுவுல நிமிர்ந்து நிக்குது. உடம்புல பட்டையா சந்தனம், தலையில மல்லிப்பூ. பக்கத்துல கலா அக்கா. வாலாஜாபாத்துல இருந்து வர்றாங்க, ஹவுஸ்கீப்பிங் மொத்தமும் அவங்க பொறுப்பு. பூஜை வேலை எல்லாம் அவங்க சொல்றதுதான்.

"உங்க ஆயுதம் மட்டும் அநாதையா கெடந்துது சார். நல்லா தொடச்சு பூஜையில வெச்சுட்டேன்."

"ரொம்ப தேங்க்ஸ் அக்கா. நான் எடுத்துக்கறேன்."

"இன்னா சார் பேசறீங்க? பூஜைக்கு வெச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். அதுக்குள்ள தொட்டா ஆவாது."

தயாளன் ஓடி வந்து கையைப் புடிச்சுக் கெஞ்சினான். கலா அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

"சரி, எடுத்துக்கினு போங்க. பொட்டு மட்டும் கலையக் கூடாது. வெச்சது வெச்சபடி திரும்பி வரணும்."

சரின்னு தலையாட்டிட்டு வாங்கினேன். கழுத்தைப் பார்த்தேன். மஞ்சப் புள்ளி எல்லாம் வரிசையா இருக்கு. நிம்மதியாச்சு. லேசா பெயிண்ட் தின்னர் வாசனை வந்துச்சு. பூஜை அன்னிக்கு பிளான்ட் முழுக்க அந்த வாசனைதானேன்னு கண்டுக்கல.

மேடை ஏறினோம். ஷெட் ரொம்பி வழியுது. முன் வரிசையில எச்.ஆர். மேனேஜர். அவருக்குப் பக்கத்துல தயாளன் பொண்ணு பட்டுப்பாவாடையில. தயாளன் ஆரம்பிச்சான். நான் ரெண்டாவது புள்ளியில விரலை வெச்சு ஓங்கித் தட்டினேன்.

பேரிங் போன மோட்டார் மறுபடி ஓடுச்சு. இப்ப நாலு ஸ்பீக்கர்ல.

தயாளன் திடுக்குன்னு திரும்பினான். நான் அடுத்த புள்ளிக்குத் தாவினேன். அது இன்னும் மோசம். தயாளன் பாவம், என் சுருதிக்கு எறங்கிப் பாடப் பாக்கறான். மணி தயாளனுக்கு வாசிக்கறதா, எனக்கு வாசிக்கறதான்னு தெரியாம முழிக்கிறான். எச்.ஆர். மேனேஜர் காதைத் தேய்ச்சுக்கறாரு. கடைசி வரிசையில நாலு பேர் எழுந்து சாப்பாட்டுப் பக்கம் பார்க்கறாங்க.

புள்ளி சரி, விரல் சரி, சுருதி மட்டும் ஏன் போகுதுன்னு குனிஞ்சு உத்துப் பார்த்தேன்.

ஒவ்வொரு மஞ்சப் புள்ளியோட நட்டநடுவுலயும், குட்டியா குங்குமம்.

நான் எப்படா குங்குமம் வெச்சேன்?

இது கலா அக்கா வேலை. என் மார்க் எல்லாத்தையும் கறைன்னு நெனச்சு, தின்னர் போட்டு சுத்தமாத் தொடச்சு, அதுக்குப் பதிலா சம இடைவெளி விட்டு அழகா சந்தனப் பொட்டு வெச்சிருக்காங்க. கலா அக்கா ஓரமா நின்னுக்கிட்டு, பொட்டு பத்திரம்னு கையால சைகை காட்டறாங்க.

தயாளன் என்னையே பார்த்துக்கிட்டுப் பாடறான். அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சத்தியமா, மேடையில இருந்து குதிச்சு நேரா வல்லக்கோட்டை முருகன் கோவில் வரைக்கும் ஓடிடலாமான்னு தோணுச்சு.

பயத்துல எடது கை கழுத்தை விட்டுடுச்சு. வலது கை மட்டும் பழக்கத்துல சும்மாவே ஒரு கம்பியைத் தட்டுச்சு.

தம்முனு ஒரு சத்தம். சுருதி சுத்தம்.

சும்மா விட்ட கம்பி எப்பவும் சுருதியிலதான் இருக்கும். காலேஜ்ல இருந்து வாசிக்கிறவனுக்கு அது அப்பதான் ஞாபகம் வந்துச்சு. எங்க பாட்டு எல்லாமே ஒரே ஸ்கேல், ஈ மைனர். வேற ஸ்கேல் குடுத்தா தயாளன் வேற பாட்டுக்குப் போயிடுவான்னு அப்படி வெச்சிருந்தோம். அந்த ஸ்கேலுக்கு வேண்டிய முக்கிய சுரமெல்லாம் அந்த நாலு கம்பியைச் சும்மா தட்டினாலே வந்துடும்.

அப்பறம் கழுத்துப் பக்கமே நான் போகல. எடது கையால சும்மா தாங்கல் குடுத்துட்டு, தம் தம்முனு வலது கையிலயே ஓட்டினேன். சாப்பாட்டுக்கு எழுந்தவங்க நின்ன எடத்துலயே ஆட ஆரம்பிச்சாங்க. பெயிண்ட் ஷாப் ஆளுங்க மொத்தமா முன்னாடி வந்துட்டாங்க. தயாளன் பொண்ணு நாற்காலி மேல ஏறி, "அப்பா, அப்பா"ன்னு கத்துது. அவன் அதுக்கப்பறம் என் பக்கம் திரும்பவே இல்ல, பாடிக்கிட்டே இருந்தான். 

முடிஞ்சதும் எச்.ஆர். மேனேஜர் மேடைக்கு வந்து கை குடுத்தாரு. "இந்த வருஷம் பேஸ் பிரமாதம். அலட்டிக்காம, அளவா வாசிச்சீங்க. டிஜே பேச்சே இனிமே கிடையாது." தயாளன் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். "அனுபவம்னா அனுபவம்தாண்ணா"ன்னான்.

நான் அடக்கமா தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வாழ்க்கையில முதல் தடவை.

அப்பத்தான் கலா அக்கா ரேவதியோட வந்தாங்க. பேஸை வாங்கி, கழுத்தை இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாப் பார்த்தாங்க.

"ரெண்டே ரெண்டு பொட்டுதான் கலைஞ்சிருக்கு சார். மத்ததெல்லாம் வெச்சது வெச்சபடியே கீது. வாசிச்ச மாதிரியே இல்ல."

ரேவதி சொன்னா, "எனக்கும் அப்படித்தான்க்கா இருந்துச்சு."