குலுக்காமல் கரைத்த மூன்றாவது புட்டி

அன்பு மைத்துனிக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே இருவரும் நலம். உன் அக்காவின் வலது மணிக்கட்டு மட்டும் மாவுக்கட்டுக்குள் நலமாக இருக்கிறது. உன் வீட்டில் எல்லோரும் கட்டு எதுவும் இல்லாமலே நலமாக இருக்க வேண்டும்.

போன மாதம் தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அத்தான், வெந்நீரையே அடிப்பிடிக்க விடுற ஆளு நீங்க, ஊசி மருந்து எப்படிக் கலப்பீங்க? பேசாம அக்காவ எங்கிட்ட அனுப்பிடுங்க." முப்பத்திரண்டு ஆண்டு வேதியியல் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது! அன்றே முடிவு செய்துவிட்டேன். அவள் எங்கும் போகப் போவதில்லை, மருந்தை நானே கலப்பேன்.

அவள் எலும்புக்கு மருத்துவர் எழுதித் தந்தது பெப்டைடு மருந்து. புரதம் ஒரு நீண்ட மணிமாலை என்றால், இது சில மணிகள் மட்டும் கோத்த துண்டு. நீரில் நெடுநாள் தாங்காது என்பதால் உறையவைத்து, ஈரத்தை நீக்கி, பொடியாக அனுப்புகிறார்கள். உன் வீட்டு இன்ஸ்டன்ட் காபித்தூளை நினைத்துக்கொள். கூடவே வரும் நீரை ஊசியால் புட்டிக்குள் விட்டுக் கரைக்க வேண்டும். போட்டுக்கொள்வதை அக்கா இடக்கையால் பார்த்துக்கொள்வாள். கரைக்கத்தான் இரண்டு கை வேண்டும். வீட்டுக்கு வரும் நர்ஸ், பழகிப் பார்க்கவென்று காலாவதியான மூன்று புட்டிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "மூணுல ஒண்ணாவது சரியா வரணும் சார். இல்லன்னா நீங்க கலக்கலாம்னு கையெழுத்துப் போட மாட்டேன், அம்மா அவங்க தங்கச்சி வீட்டுக்குத்தான் போகணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் புட்டியில் நீரை விட்ட மறுகணம் என் கை அதுவாகவே அதைப் பிடித்துப் படபடவென்று குலுக்கிவிட்டது, முப்பத்திரண்டு வருஷம் சோதனைக் குழாயைக் குலுக்கின கையாச்சே, நான் என்ன செய்வது, உள்ளே பார்த்தால் துணி துவைத்த வாளி மாதிரி ஒரே நுரை, "குலுக்கினா மருந்து கெட்டுடும்னு இப்பத்தானே சொன்னேன்" என்று நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். சரி போகட்டும் என்று இரண்டாவது புட்டிக்கு நீரை எடுத்துக்கொண்டு, ஏன் குலுக்கக் கூடாது என்பதை விளக்கத் தொடங்கினேன், விளக்கம் மணிமாலைக்கு வந்தது, சுவரில் தொங்கும் நாள்காட்டியின் கட்டங்களையே மணிகளாகக் காட்டலாமே என்று தோன்ற, கையில் இருந்த ஊசியாலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். பதினேழாம் தேதி வரை போய்விட்டேன். "சார், அது சுத்தமான ஊசி!" என்று நர்ஸ் அலறினார். "சுத்தமா இருந்த ஊசி" என்று திருத்தினாள் உன் அக்கா. ஊசியும் போச்சு, பேச்சு வேகத்தில் அதே கையால் மூடியைத் தடவிய புட்டியும் போச்சு.

மூன்றாவதற்கு முன் உன் அக்கா என்னைப் பார்த்தாள். "அவ வீட்டுக்குப் போக எனக்கு இஷ்டமில்ல. வாய மூடிக்கிட்டுச் செய்யுங்க." மூடினேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன், புட்டியின் மூடியைத் துடைத்தேன், புது ஊசியை எடுத்து நீரைக் கண்ணாடிச் சுவரோரமாக வழியவிட்டேன், உள்ளங்கைகளுக்கு நடுவே புட்டியை மெல்ல உருட்டினேன். நாக்கு துடித்தது, ஆனாலும் பேசவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு துகள் இல்லை, கலங்கல் இல்லை. நர்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே உன் அக்கா இங்கேயே இருப்பாள். உன் கேள்விக்கு இதுதான் விடை.

உன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தேறிய அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். "மூணு வாரமா மணிமாலை கேட்டுக் காது புளிச்சுப்போச்சு, பத்து நாள் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வரேன். கரைக்கிறதுக்கு நீங்களும் வாங்க, பாடம் இங்கேயே இருக்கட்டும்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் மருந்துக்குக் கொஞ்சம் இடம் ஒழித்து வை. அங்கே எனக்குப் பாடம் நடத்தத் தடை என்பதால் ஒன்றே ஒன்று, அதற்குள் நீயே செய்து பார்: இரண்டு சின்னப் பாட்டில்களில் தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்பும் விட்டு, ஒன்றைக் குலுக்கு, மற்றதை உள்ளங்கையில் உருட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.