மீன் படம் சுரண்டிய டப்பா

கெடுதல் செய்ய நினைத்துப் பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். நல்லது செய்கிறோம் என்று நம்பிப் பொய் சொல்கிறவனுக்கு அதுவும் இருக்காது. நான் இரண்டாவது ரகம். அதிலும் வேதியியல் பேராசிரியராக ஓய்வு பெற்றவன். (கேட்க வேண்டுமா?)

என் மனைவி காமாட்சி சுத்த சைவம். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டாள். பௌர்ணமிதோறும் கிரிவலம் போய் வந்து, மூட்டு வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மீன் எண்ணெய் மாத்திரை மூட்டுக்கு நல்லது என்று எங்கோ படித்தேன். வாங்கி, டப்பாவிலிருந்த மீன் படத்தையும் எழுத்தையும் நகத்தால் சுரண்டிவிட்டு, "விட்டமின்" என்று கொடுத்தேன். அவள் நெற்றியில் திருநீறு பூசி, அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு விழுங்குவாள்.

ஏப்பம்தான் காட்டிக்கொடுத்தது.

"ஏங்க, ஏதோ கவிச்சி வாடை அடிக்குதே?"

"சுகுணா வீட்டுல மீன் வறுக்கறாங்க போல."

சுகுணா பக்கத்து வீட்டுக்காரி. வேங்கிக்காலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காமாட்சி முதலில் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சுகுணாவிடம் பேச்சைக் கம்மி செய்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் காமாட்சிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் அவளிடம் கேட்டார்.

"பிபி மாத்திரை தவிர வேற எதாவது சாப்பிடறீங்களாம்மா? சத்து மாத்திரை, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இவரு ஒரு விட்டமின் குடுப்பாருங்க."

"என்ன விட்டமின் சார்?"

பக்கத்தில் காமாட்சி. நெற்றியில் திருநீறு. "பி காம்ப்ளெக்ஸ்தான் டாக்டர்" என்றேன்.

"அது சாப்பிடலாம்."

நானே சொன்ன பொய்க்குக் கிடைத்த அனுமதியை, மீன் எண்ணெய்க்கே கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? ஆபரேஷனுக்குத் தெம்பு வேண்டுமே என்று வேளைக்கு ஒன்றை இரண்டாக்கினேன்.

ஆபரேஷன் அன்று, பழைய மனஸ்தாபத்தைப் பார்க்காமல் சுகுணா ஃபிளாஸ்க்கில் காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடிந்து வெளியே கொண்டுவந்த காமாட்சியைச் சிறிது நேரத்தில் மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் வெளியே வந்தார்.

"ரத்தக் கசிவு நிக்கமாட்டேங்குது சார். உண்மையைச் சொல்லுங்க, வேற எதாவது குடுத்தீங்களா?"

காபி என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. "மீன் எண்ணெய். ரொம்ப நாளா. இப்ப ஜாஸ்தியா."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அது ரத்தம் உறையறத தாமதமாக்கலாம். இதனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா நிறுத்தச் சொல்லிட்டு, தேவைப்பட்டா தேதிய தள்ளி வெச்சிருப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சுகுணா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அந்த வாடை எங்க வீட்டுது இல்லையா சார்?"

ஆறிய காபியைக் கீழே வைத்தேன்.

"அக்கா என் கையால ஒரு டம்ளர் மோர்கூட வாங்கறதில்ல. நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன்."

அவள் எழுந்து போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போகவில்லை. அந்தக் கதவு திறக்கும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

காமாட்சி பிழைத்தாள். ரத்தம் ஏற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, பாதி எடையோடு வீடு வந்தாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசியில், "சுகுணாவக் கூப்பிடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

இன்றும் வீட்டில் நான் எதை நீட்டினாலும், தலைவலி மாத்திரையானாலும் கடலை மிட்டாயானாலும், "இது நீந்துமா?" என்று கேட்பாள். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சிரித்து முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுப்பாள். சுகுணா வந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தால்தான் விழுங்குவாள்.