எடைக்குப் போன கம்ப்யூட்டர்

அரிச்சந்திரனுக்கு மறுபிறவி உண்டென்றால் அவர் திருவனந்தபுரம் பூர்வீகப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராகத்தான் பிறந்திருப்பார். அப்படிப்பட்ட அலுவலகம் அது. இந்த ஊரில் யார் இந்த ஊர்க்காரர் என்று சொல்லும் அதிகாரம் அந்த ஒரு மாடிக்குத்தான் உண்டு.

1998-ல் பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும், இடத்தை அடைக்கின்றன என்று பதிவேடுகளை எடைக்குப் போட்டார்கள். நாலே வருஷத்தில் கம்ப்யூட்டர் வாயைப் பிளந்தது. அதையும் எடைக்குப் போட்டார்கள். ‘நவீனமயம்’ இவ்வாறு முழுமை பெற்றது. புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். திறந்துவைக்க அமைச்சர் இன்னும் தேதி கொடுக்காததால் அது பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் மேசைமேல் வீற்றிருந்தது.

செத்த கம்ப்யூட்டரை எடைக்கு வாங்கியவன் வேலப்பன். ஆரியசாலையில் பழைய எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு கடை தள்ளிச் சாக்குப்பை தைக்கும் கோமதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மகள் கௌசல்யாவுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பூர்வீகச் சான்று கொடுக்காவிட்டால் சீட் அடுத்தவளுக்குப் போய்விடும்.

“பதிவே இல்லங்காங்க தம்பி. கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம். அத ஆரோ எடைக்கு வாங்கிட்டுப் போயிட்டானாம்.”

“அந்த ஆரோ நாந்தான் அக்கா.”

வேலப்பன் அன்றே கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தான். பவர் சப்ளை ஒரு கம்பெனி, ராம் வேறு கம்பெனி. மதர்போர்டு மெட்ராஸில் யாரோ தலைமுழுகியது. மானிட்டர் ஒரு டிராவல் ஏஜென்சி கைவிட்டது; எதைக் காட்டினாலும் ஓரத்தில் பச்சையடித்தது. ராம் ஒத்துவராமல் முரண்டு பிடித்தபோது, அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்து மறுபடி குத்தினான். உள்ளே, பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் ஆபீஸுடையது.

புதன்கிழமை மத்தியானம் பெட்டி ‘பீப்’ என்றது. பதிவுகள் வரிசையாக எழுந்து வந்தன. பேச்சிமுத்து, சாலைக் கடைத்தெரு, 1947. கௌசல்யாவின் அப்பாவைப் பெற்ற தாத்தா. கோமதியம்மாள் மானிட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மாமனார் உயிரோடிருந்தபோது அவள் அப்படிச் செய்ததாகத் தகவல் இல்லை.

ஆட்டோவில் பெட்டியை மடிமேலும் மானிட்டரைக் காலடியிலும் வைத்துக்கொண்டு வேலப்பன் அலுவலகத்துக்குப் போனான். கண்காணிப்பாளர் சேஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இது எங்க கம்ப்யூட்டர்தான்னு என்னய்யா அத்தாட்சி?”

“பெட்டியில ஆபீஸ் நம்பர் உண்டு, சாரே.”

“அது டப்பா. உள்ளே?”

வேலப்பன் ஒன்றுவிடாமல் உண்மையைச் சொன்னான். அந்த அலுவலகத்தில் செய்யக்கூடாத தவறு அது ஒன்றுதான்.

“மதர்போர்டு மெட்ராஸா?” என்று எழுத்தர் ஷிஜா உச்சுக்கொட்டினாள். “அப்போ அம்மை வழி வெளியூரல்லே, சார்?”

விஷயம் சாதாரணமானதல்ல. பெட்டி சொந்த ஊர்க்காரனா என்று தெரியாமல் அது சொல்லும் ஊர்க்காரர்களை எப்படி நம்புவது? மூவர் குழு அமைக்கப்பட்டது. வியாழக்கிழமை முழுவதும் குழு டீ, பழம்பொரியுடன் ஆராய்ந்தது. வேலப்பனும் கோமதியம்மாளும் வராந்தாவில் நின்றார்கள். கௌசல்யா கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குச் சேஷன் எழுந்து தீர்ப்பு சொன்னார்.

“பாகம் வெளியூர்லேர்ந்து வந்தா என்ன? எங்க தாத்தாவே தஞ்சாவூர்லேர்ந்து வந்தவர்தான். வந்த இடத்துல உழைச்சா அதுதான் ஊர். மனுஷா மனசு விசாலமா இருக்கணும்.”

இந்த மனிதரையா மூணு நாளாக மனசுக்குள் திட்டினோம் என்று வேலப்பனுக்கு வெட்கமாக இருந்தது. வட்ட முத்திரையுடன் சான்றிதழ் தயாரானது: ‘உறுப்புகள் பல ஊரினவாயினும், நினைவு இவ்வூரினதாகலின், மேற்படி கம்ப்யூட்டர் திருவனந்தபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டது.’ பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். கோமதியம்மாள்கூடக் கைதட்டினாள்.

“இனி எம்மவளுக்கு, ஐயா.”

சேஷன் பச்சையடிக்கும் திரையில் குனிந்தார்.

“தாத்தா பேஷ். அப்பாவும் சரி. அம்மா தென்காசின்னு போட்டிருக்கே. அது இடிக்கறது. விசாரிக்கணும். ஒரு மாசம் ஆகும்.”

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். வேலப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சாரே, மதர்போர்டு மெட்ராஸ். அதுக்கு இப்பத்தானே முத்திரை குத்தினீங்க?”

“அது ஆபீஸ் சொத்து, ஓய்,” என்றார் சேஷன், பாடம் புரியாத பிள்ளையிடம் சொல்வதுபோல. “இது பொதுஜனம்.”

கோமதியம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்து, சந்தனப் பொட்டு வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“அப்ப இவளயும் ஆபீஸ் சொத்துன்னே எழுதிக்கிடுங்கய்யா. படிக்க மட்டும் விட்டுருங்க.”